அமெரிக்கத் தொழில் வளர்ச்சி: கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கட்டுரை திருத்தித் தரச் சொல்லி வருவார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் 1900 வரையிலான பகுதி என்றால் தாளுக்குத் தாள் ஒரே தவறுகள்தான். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே எழுதிய தவறுகள். ஆண்டு பிசகுவது, எஃகு முதலாளி கார்னகியின் தொழிலை எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் தலையில் கட்டுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இன்னொரு முறை படித்தால் சரியாகிவிடும். கட்டுரையின் வாதத்தையே சாய்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஷெர்மன் சட்டம் வந்தது, ஏகபோகம் ஒழிந்தது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. காரணம், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதை எழுதுகிறார்கள். ரயில் பாதை, எண்ணெய், எஃகு என்று நாலு பக்கம் அருமையாக எழுதிவிட்டு, கடைசியில் "1890இல் ஷெர்மன் சட்டத்தின் மூலம் ஏகபோகங்கள் ஒழிக்கப்பட்டன" என்று முடித்துவிடுவார்கள். மாதிரி நேர்காணல் ஒன்றில் கெட்டிக்கார மாணவி ஒருவர் இதையே சொன்னார். "அப்படியென்றால் 1901இல் 140 கோடி டாலர் மூலதனத்தில் யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகுக் கம்பெனி எப்படி முளைத்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்கு ஷெர்மன் சட்டமும் தெரியும், யு.எஸ். ஸ்டீலும் தெரியும். இரண்டும் வேறு வேறு பாடத்தில் இருந்ததால் சேர்த்து வைத்து யோசித்ததே இல்லை.

முதலில் அந்தச் சட்டம் நிறைவேறிய விதத்தைப் பாருங்கள். செனட்டில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. பிரதிநிதிகள் சபையில் அதுவும் இல்லை. பெருமுதலாளிகளுக்குச் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு சட்டம் தேறுகிறது என்றாலே நமக்குச் சந்தேகம் வர வேண்டும். வணிகத்துக்குத் தடைபோடும் கூட்டும் சதியும் குற்றம் என்று சட்டம் சொன்னது. எது கூட்டு, எது சதி என்று சொல்லவில்லை. அதை நீதிமன்றத்தின் கையில் விட்டுவிட்டது.

நீதிமன்றம் என்ன செய்தது? அமெரிக்கன் சுகர் ரிஃபைனிங் கம்பெனி பிலடெல்பியாவில் நான்கு ஆலைகளை வாங்கி, நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 98 சதவீதத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அரசு வழக்குப் போட்டது. உற்பத்தி வேறு, வணிகம் வேறு, இந்தச் சட்டம் உற்பத்தியைத் தொடாது என்று 1895 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஹார்லன் ஒருவர்தான் மாறுபட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டே அதே சட்டம் வேறொரு பக்கம் பாய்ந்திருந்தது. சிகாகோவின் தென்கோடியில் ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன் தன் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஊர் இருந்தது. வீடு, கடைத்தெரு, நூலகம், தேவாலயக் கட்டடம் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். 1893 சிகாகோ என்றதும் நமக்கு விவேகானந்தர் உரைதான் நினைவுக்கு வரும். அதே ஆண்டில்தான் பெரும் நிதி நெருக்கடியும் வெடித்தது. புல்மன் கம்பெனி கூலியைச் சராசரியாகக் கால் பங்கு வெட்டியது. வாடகையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. வாடகை போக இரண்டு சென்ட்டுக்குச் சம்பளக் காசோலை வாங்கிய ஒருவர், அதை மாற்றாமல் படம்போல ஃபிரேம் போட்டு வைத்திருந்தார் என்று அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் கார்வர்டைன் எழுதியிருக்கிறார். மாணவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும், வேலைநிறுத்தம் ஏன் என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் கடைசியில் அமெரிக்க ரயில்வே தொழிற்சங்கம், புல்மன் பெட்டி கோத்த ரயிலைத் தொட மாட்டோம் என்று களத்தில் இறங்கியது. ரயில்வே கம்பெனிகளுக்கு வழக்கறிஞராக இருந்த ரிச்சர்ட் ஓல்னிதான் அப்போது அட்டர்னி ஜெனரல். தபால் தடைபடுகிறது என்பதோடு ஷெர்மன் சட்டத்தையும் காட்டி, அரசு வேலைநிறுத்தத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பை மீறி, ஜனாதிபதி கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பினார். சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. 1895 மே மாதம் உச்ச நீதிமன்றம் வேறு காரணங்களைச் சொல்லி அந்தத் தடையாணையை ஒருமனதாக ஏற்றது. சர்க்கரைக் கம்பெனியைத் தொட முடியாத சட்டத்துக்குத் தொழிற்சங்கம் மட்டும் அகப்பட்டது. இந்த அநியாயத்தை விட்டுவிட்டு அந்தக் காலத்தின் சமூக மாற்றத்தைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?

இன்னொன்றும் உண்டு. போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தால் குற்றம் என்பது 1899இல் இரும்புக் குழாய் வழக்கில் உறுதியானது. ஆனால் அந்தக் கம்பெனிகள் ஒன்றாகவே இணைந்துவிட்டால்? அதற்கு நியூ ஜெர்சி மாநிலம் 1889இலேயே வழி செய்து வைத்திருந்தது. ஒரு கம்பெனி இன்னொன்றின் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றது அதன் சட்டம். ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் 1899இல் அந்த மாநிலத்துக் கம்பெனியின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. ஆக, ஏகபோகத்தைத் தடுக்க வந்த சட்டத்துக்குப் பிறகுதான் இணைப்புகள் மளமளவென்று பெருகின. அந்தச் சட்டத்தால் நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற ரயில்வே கூட்டு உடைந்தது 1904இல்தான். ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாகப் பிரிய 1911 ஆனது. 1890க்கும் 1911க்கும் இடைப்பட்ட இந்த 21 ஆண்டுகள் கட்டுரையில் இல்லாவிட்டால் நான் பாதி மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

மே 1, மே 4

எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் தொடங்கியது 1886 மே 1. சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது மே 4. கலக்காதீர்கள்.

குடியேற வந்த எல்லோரும் எல்லிஸ் தீவில் இறங்கினார்கள்

நியூயார்க் துறைமுகத்தின் அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல்தான். அதற்கு முன், 1890 வரை நியூயார்க் வந்தவர்களுக்கு கேசில் கார்டன் என்ற நிலையம். பசிபிக் கரையில் இறங்கிய சீனத் தொழிலாளர்களுக்கோ 1882 சட்டம் கதவையே சாத்திவிட்டது.

தொழிலாளியின் கூலி தேய்ந்துகொண்டே போனது

உருக்கமாக எழுதலாம், ஆனால் சரியில்லை. 1870களிலிருந்து பொருள்களின் விலை பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே வந்தது. அதனால் வேலை இருந்த தொழிலாளியின் கூலிக்கு முன்பைவிட அதிகம் வாங்க முடிந்தது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வேலை நிரந்தரமில்லை. எஃகு ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட், பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறும் நாளில் ஒரேயடியாக 24 மணி நேரம். கை போனால் பெரும்பாலும் நஷ்டஈடு கிடையாது. அதே விலை வீழ்ச்சி விவசாயியை நேராக அடித்தது. கோதுமையும் பருத்தியும் விலை இறங்க, வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. 1892இல் ஒமாஹாவில் கூடிய மக்கள் கட்சியின் கோபத்தை இங்கிருந்து தொடங்கி விளக்குங்கள்.

தெற்கு என்றால் பருத்தி மட்டும்

தெற்கிலும் நிலக்கரியும் இரும்பும் எழுந்தன. அலபாமாவின் பர்மிங்ஹாம் 1871இல் உருவான இரும்பு நகரம். தெற்கின் பல சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் மாநில அரசு வாடகைக்கு விட்ட கைதிகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அற்பக் குற்றங்களுக்குப் பிடிபட்டவர்களே ஏராளம். 1891 ஜூலையில் டென்னசியின் கோல் கிரீக் பகுதியில், தங்கள் வேலைக்குக் கைதிகளைக் கொண்டுவந்ததை எதிர்த்த சுரங்கத் தொழிலாளர்கள், ஆயுதத்தோடு போய் அந்தக் கைதிகளையும் காவலர்களையும் ரயிலேற்றி நாக்ஸ்வில்லுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் கடைசியில் கைதிகளை விடுவித்து, அவர்களை அடைத்து வைத்திருந்த கொட்டடிக்குத் தீ வைத்தார்கள். 1896இல் குத்தகை முடிந்ததும் டென்னசி அதைப் புதுப்பிக்கவில்லை. அலபாமாவில் இந்த முறை 1928 வரை நடந்தது.