பத்தாயிரம் ரூபாய் போனில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது?

அத்தைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். பதினோராயிரத்துக்குள் 120 ஹெர்ட்ஸ் திரை, 50 மெகாபிக்சல் கேமரா, 5ஜி என்று கேட்டதெல்லாம் இருந்தது. ஒரே வாரத்தில் அவரிடமிருந்து புகார் வந்துவிட்டது: "பேசிக்கிட்டே இருக்கேன், திடீர்னு மியூட் ஆகிடுதுப்பா, நீ கேக்குறியா இல்லையான்னே தெரியல." காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்க வேண்டிய பிராக்சிமிட்டி சென்சார் அந்தப் போனில் தனியாக வைக்கப்படவில்லை. மென்பொருளே ஊகித்துத் திரையை அணைக்கும் ஏற்பாடு, அது அடிக்கடி தவற, கன்னம் பட்டுப் பட்டுப் பொத்தான்கள் அழுந்தியிருக்கின்றன. அத்தை போனில் செய்வதில் முக்கால்வாசி பேசுவதுதான். நான் ஸ்பெக்ஸ் பட்டியலை நான்கு முறை படித்தேனே தவிர, அவர் போனை வைத்து என்ன செய்வார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

இந்த விலையில் ஏதாவது ஒன்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போன் என்றால் அதில் ஏறக்குறைய 1,525 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டிக்கே போய்விடுகிறது, அப்புறம் கடைக்காரர் கமிஷன், விளம்பரம், ஏற்றுக்கூலி எல்லாம் போக மிச்சத்தில்தான் திரை, பேட்டரி, சிப், கேமரா எல்லாம் வர வேண்டும். அதனால் கம்பெனி குறைப்பதைக் குறை சொல்ல முடியாது. எதைக் குறைத்தார்கள், அது நம் அன்றாடத்தில் எங்கே இடிக்கும் என்று பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. பெட்டியில் இருப்பதைத்தான் அச்சடிப்பார்கள், இல்லாததை நாமேதான் தேட வேண்டும்.

முதலில் ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை போன் வைத்திருக்கும் வேகமான நினைவகம். பெட்டியில் பெரிதாக 8 ஜிபி என்று போட்டு, மேலே ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்கும். கீழே பொடி எழுத்தில் 4 ஜிபி அசல் + 4 ஜிபி விர்ச்சுவல் என்று விளக்கம். விர்ச்சுவல் ரேம் என்பது படங்களும் ஆப்களும் சேமிக்கப்படும் ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி, பின்னணியில் இருக்கும் ஆப்களை அங்கே தூக்கிப் போடுவது, அவ்வளவுதான். ஸ்டோரேஜ் ஒருபோதும் ரேமின் வேகத்துக்கு வராது. ஆகவே கணக்குப் போடும்போது அந்தக் கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை அடித்துவிடுங்கள். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, ஒரு கேப் ஆப், இவ்வளவுதான் என்றால் 4 ஜிபி ஓடும், ஆனால் இரண்டாவது வருடத்தில் மூச்சு வாங்கும். முடிந்தால் கூட ஆயிரம் போட்டு 6 ஜிபி எடுங்கள். கேமரா மெகாபிக்சலுக்காக ஆயிரம் கூடக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ரேமைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது ஸ்டோரேஜின் வகையில். 128 ஜிபி என்று பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறோம், அது இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்று கேட்பதே இல்லை. இஎம்எம்சி 5.1 வகை ஒரு நொடிக்குச் சுமார் 250 முதல் 300 எம்பி படிக்கும், யுஎஃப்எஸ் 2.2 அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆப் திறக்கும்போது, வாட்ஸ்அப் பேக்கப் ஓடும்போது, அப்டேட் இறங்கும்போது போன் அப்படியே உறைந்து நிற்கிறதே, அப்போதெல்லாம் சிப்பைத் திட்டுகிறோம், பல நேரம் குற்றவாளி இந்த மெதுவான ஸ்டோரேஜ்தான். ரெட்மி 12 5ஜி 2023 ஆகஸ்டில் 10,999 ரூபாய்க்கு யுஎஃப்எஸ் 2.2, எழுத்து கூர்மையாகத் தெரியும் முழு எச்டி பிளஸ் திரை இரண்டோடும் வந்தது. இந்த விலையில் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, அதற்குப் பிறகு அதே விலைக்கு வந்த பல போன்களில் திரை, புள்ளிகள் குறைந்த எச்டி பிளஸுக்கு இறங்கியதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. புதிது என்றாலே மேலானது என்று நம்பிவிடாதீர்கள்.

சிப் விஷயத்திலும் இதே கதை. மீடியாடெக் டைமென்சிட்டி 700 என்பது 2020இல் அறிவிக்கப்பட்ட சிப், அதில் வேகமான இரண்டு கார்டெக்ஸ் ஏ76 கோர், சிக்கனமான ஆறு ஏ55 கோர் (கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி). பிறகு வந்த 6080, 6100 பிளஸ், 6300 எல்லாவற்றிலும் இதே இரண்டும் ஆறும்தான், அதே மாலி ஜி57 வகை கிராபிக்ஸ்தான். தயாரிப்பு நுட்பம் 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு மாறியது, கடிகார வேகம் கொஞ்சம் ஏறியது. ஏ76 கோரோ, சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்தியது. அன்றாட வேலைக்கு இது தாராளமாகப் போதும், நல்ல சிப்தான், மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 6100 பிளஸ் வைத்திருப்பவர் 6300க்கு மாறினால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது. நம்பர் ஏறியதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

5ஜி பற்றி ஒரு எச்சரிக்கை, இது பலருக்குத் தெரியாது. 5ஜியில் இரண்டு வகை உண்டு. 4ஜி கட்டமைப்பின் மேல் சாய்ந்து ஓடுவது என்எஸ்ஏ, தன் காலிலேயே நிற்பது எஸ்ஏ. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ எஸ்ஏ வழியையும் ஏர்டெல் என்எஸ்ஏ வழியையும் எடுத்தன. 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு ரெட்மி ஏ4 5ஜி வந்தது. அந்த விலைக்கு 5ஜி என்றதும் எல்லோரும் கொண்டாடினார்கள், ஆனால் அது எஸ்ஏ மட்டும் தாங்கும் போன். வந்த சமயத்தில் ஏர்டெல் சிம் போட்டவருக்கு அதில் 4ஜிதான். ஜியோக்காரருக்கு அருமையான பேரம், ஏர்டெல்காரருக்குப் பெயரில் மட்டும் 5ஜி. ஆகவே 5ஜி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், என் சிம்முக்கு, என் ஊரில் வருமா என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் 5ஜி சிக்னலே சரியாக இல்லை, வீட்டில் ஃபைபர் இருக்கிறது என்றால், அதே காசுக்கு நல்ல திரை உள்ள 4ஜி போனைப் பார்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை. அப்போதும் ஒன்று: வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டைப் பிடிக்குமா என்று பாருங்கள். மலிவான சில போன்கள் 2.4 மட்டும்தான் பிடிக்கும், வீட்டில் 100 எம்பி பிளான் போட்டும் போனில் பாதிகூட வராமல் போகும்.

திரையில் ஹெர்ட்ஸ் எண்ணைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 120 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும், ஸ்க்ரோல் செய்யும்போது வழுக்கிக்கொண்டு போகும், கண்ணுக்கு இதம்தான். ஆனால் 6.7 அங்குலத் திரையில் எச்டி பிளஸ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 260 புள்ளிகள்தான், முழு எச்டி பிளஸில் 390க்கு மேல். தமிழ் எழுத்துக்களின் சுழிகளும் கொம்புகளும் சிறிய அளவில் மங்கலாகத் தெரிவது இந்த இடத்தில்தான். போனில் நிறைய வாசிக்கிறவர் என்றால் 90 ஹெர்ட்ஸும் முழு எச்டியும் உள்ளதை எடுங்கள் என்பேன். அப்புறம் வெளிச்சம். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள், டெலிவரி ஓட்டுகிறவர்கள், ஆட்டோ அண்ணன்கள், இவர்களுக்கு இதுதான் முதல் தேவை. சித்திரை மாத மதியத்தில் வரைபடமே தெரியவில்லை என்றால் மற்றதெல்லாம் இருந்து என்ன?

கேமராவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 மெகாபிக்சல் என்பது நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கைக்கு வரும். பின்னால் இரண்டு மூன்று வட்டங்கள் இருக்கும், அதில் ஒன்று 2 மெகாபிக்சல் டெப்த் (பின்னணியை மங்கலாக்க) அல்லது மேக்ரோ (மிக அருகில் எடுக்க), அது எண்ணிக்கைக்கு வைத்தது. பகல் வெளிச்சத்தில் இந்த விலைப் போன்கள் எல்லாமே நல்ல படம் எடுக்கும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார், ராத்திரி டியூப் லைட்டில் எடுத்த அதிரசம் எல்லாம் வெளிறிப்போய் வருகிறது என்று கவலைப்பட்டார். அவருக்குப் புதுப் போன் தேவைப்படவில்லை, காலையில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள் என்றேன், அதே போனிலேயே சரியாகிவிட்டது. ஆனால் ஓடுகிற குழந்தையை, வீட்டுக்குள், மாலையில் எடுக்க வேண்டும் என்றால் இந்த விலையில் அது நடக்காது, அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

நான் விட்டுக்கொடுக்கச் சொல்வது என்எஃப்சி (போனைத் தட்டிப் பணம் கட்டும் வசதி), பின்பக்கக் கண்ணாடி, அல்ட்ரா வைட் (அகலக் காட்சி எடுக்கும் கேமரா), அமோலெட் (நிறம் எடுப்பாகத் தெரியும் திரை). க்யூஆர் ஒட்டாத டீக்கடையே இல்லாத ஊரில் என்எஃப்சி இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. விடக்கூடாதது திசைகாட்டி சென்சார்: அது இல்லாத போனில் கூகுள் மேப்ஸில் நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்றே புரியாது. அதேபோல இரண்டு சிம் போடுகிறவர்கள் மெமரி கார்டுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான ஸ்லாட் என்றால் இரண்டாவது சிம், மெமரி கார்டு இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும்.

அப்டேட் விஷயத்தை யாருமே கேட்பதில்லை. பத்தாயிரம் ரூபாயை ஒட்டி 2025இல் வந்த சாம்சங் எஃப்06 5ஜிக்கு நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் நான்கு ஆண்ட்ராய்டு மேம்படுத்தலும் தருவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் வந்த மோட்டோ ஜி34 5ஜிக்கு ஒரே ஒரு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல், மூன்று வருடப் பாதுகாப்பு அப்டேட். இரண்டிலும் திரை எச்டி பிளஸ்தான், ஆனால் முன்னதன் பெட்டியில் சார்ஜர் கிடையாது, பின்னதில் சார்ஜர் உண்டு. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று இப்படி வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். பணமெல்லாம் போனிலேயே புரளும் காலத்தில், ஐந்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு நான் அப்டேட்டைத்தான் மேலே வைப்பேன். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது: வருடக் கணக்கு போன் வெளியான தேதியிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் ஒன்றரை வருடப் பழைய மாடலில் அந்த ஒன்றரை வருடம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

விலையையும் நம் கையிலிருந்து போகும் தொகையாகப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள 8,999 என்பது குறிப்பிட்ட வங்கி கார்டு, பழைய போன் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் சேர்ந்தால் வரும் விலையாக இருக்கலாம். அந்தக் கார்டு நம்மிடம் இல்லை, சார்ஜரும் தனியாக வாங்க வேண்டும் என்றால் அது பதினோராயிரத்தைத் தொட்டுவிடும், அப்போது ஒப்பிட வேண்டிய போன்களே வேறு.

கடைக்குப் போனால் டெமோ போனைக் கையில் வாங்கி, உங்கள் சிம்மைப் போட அனுமதித்தால் ஒரு கால் செய்து காதில் வைத்துப் பாருங்கள், திரை அணைகிறதா என்று கடைக்காரரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படியுங்கள். மேப்ஸைத் திறந்து உடம்பைத் திருப்பினால், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியின் விசிறியும் திரும்புகிறதா பாருங்கள். பில் போடுவதற்கு முன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, KYM என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அது முறையாகப் பதிவான போன்தானா என்று பதில் வந்துவிடும். இது அத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

அத்தையின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது, ஹெட்போன் போட்டுப் பேசுகிற எனக்கு அந்தக் குறை தொந்தரவாகவே இல்லை. அவருக்கு 60 ஹெர்ட்ஸ் திரையுள்ள ஒரு போனை, கடையிலேயே மூன்று பேருக்கு கால் போட்டுப் பார்த்த பிறகு வாங்கிக் கொடுத்தேன்.