கையைக் கடிக்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பது எப்படி?

மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பத்திரிகைச் செலவு சிறியதுதான். இருந்தாலும், கடைக்குள் நுழைந்து மாதிரி ஆல்பத்தைப் புரட்டத் தொடங்கிய பிறகு பெரும்பாலான குடும்பங்கள் நினைத்து வந்த தொகையைக் கடந்துவிடுகின்றன. அட்டையின் அழகுதான் விலையைத் தீர்மானிக்கிறது என்று நாம் எண்ணுவதே இதற்குக் காரணம். உண்மையில் எத்தனை பிரதிகள், வாசகம் எவ்வளவு நீளம், எந்த முறையில் அச்சு என்ற மூன்றும்தான் மொத்தத் தொகையை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன. இந்த மூன்றையும் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. பத்திரிகை வைப்பது வீட்டுக்கு ஒன்று என்பதால், பந்திக்கு எத்தனை பேர் என்ற கணக்கை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆயிரம் பேர் வரும் திருமணத்துக்கு ஆயிரம் பத்திரிகைகள் தேவைப்படுவதில்லை. ஊர் வாரியாக, தெரு வாரியாக வீடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அது நேரில் தாம்பூலத்தோடு வைக்க வேண்டிய வீடா, தபாலில் அனுப்பினால் போதுமா, கைப்பேசியில் அனுப்பினாலே மகிழ்ந்து வருகிறவரா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலை மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால், இரு வீட்டாருக்கும் பொதுவானவர்களுக்கு இரண்டு பத்திரிகைகள் போவதும் குறையும். வரும் எண்ணோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, அடுத்த நூறுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஐம்பது போதாமல் போனால், அந்த ஐம்பதுக்காக இயந்திரத்தை மீண்டும் ஓட்டும் செலவு முதலில் கூடுதலாக அடித்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்காக இருக்கும்.

அடுத்தது வாசகம். பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர், ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கித் தமிழ் வருடம், மாதம், நாள், கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம், முகூர்த்த நேரம், மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், மண்டபத்தின் முகவரி ஆகியவை மரபான பத்திரிகையின் உடல். இவை எல்லாம் ஏ5 அளவுள்ள ஒரே பக்கத்தில் தெளிவாக அடங்கும். பத்திரிகையைப் பெரிதாக்குவது இவையல்ல. தாய்மாமன் தொடங்கிச் சித்தப்பாவின் சம்பந்தி வரை பட்டமும் பதவியும் சேர்த்து நீளும் பெயர்ப் பட்டியல்தான் கூடுதல் மடிப்பையும் கூடுதல் தாளையும் கேட்கிறது. ஒரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு பெயர் விடுபட்டதென்று மனத்தாங்கல் வருவது வேறு. தாத்தா பாட்டியோடும் தாய்மாமனோடும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைச் ‘சுற்றமும் நட்பும்’ என்ற இரண்டே சொற்களில் அடக்குவதே என் பார்வையில் செலவுக்கும் உறவுக்கும் நல்லது. சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்கள் பஞ்சாங்க விவரங்களைத் தவிர்ப்பதால் இயல்பாகவே சுருக்கமாக அமைகின்றன. நீண்ட வாசகம் இல்லாமலும் ஓர் அழைப்பு நிறைவாக இருக்க முடியும் என்பதை அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு வீட்டாரும் தனித்தனியே அழைக்கும் வழக்கமில்லாத குடும்பங்களில் ‘இருவீட்டார் அழைப்பு’ என்று ஒரே வாசகமாக எழுதி, ஒரே அச்சகத்தில், ஒரே ஓட்டத்தில் மொத்தமாக அடித்துப் பிரித்துக்கொள்வதைப் போலச் சிக்கனமான வழி வேறில்லை. இதன் காரணம் அச்சு முறையில் இருக்கிறது. ஆஃப்செட் அச்சில் பிளேட் (வாசகம் பதிந்த அச்சுத் தகடு) எடுத்து இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவு நூறு பிரதிக்கும் ஐநூறு பிரதிக்கும் ஒன்றே. அந்தச் செலவு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு பத்திரிகை அடிக்கும்போது ஒன்றின் தலையில் 20 ரூபாய் விழும். ஐநூறு அடிக்கும்போது 4 ரூபாய்தான் விழும். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது என்பதால் நூறுக்குக் குறைவாகத் தேவைப்படுகிறவர்களுக்கு அது ஏற்றது. எண்ணிக்கை ஏறினாலும் ஒரு பிரதியின் விலை பெரிதாகக் குறையாது என்பது அதன் குறை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை வேண்டும். ஆகையால் சிவப்போ கரும்பச்சையோ ஒரே வண்ணத்தில் அடிக்கச் சொன்னால் செலவு கையடக்கமாக இருக்கும். தங்க நிற ஃபாயில் எழுத்து வேண்டுமென்றால் அதற்குத் தனியாக பிளாக் (எழுத்தைப் பதிக்கும் உலோக அச்சு) செய்ய வேண்டியிருக்கும். ஃபாயிலில் பிள்ளையார் படம் ஏற்கெனவே பதிக்கப்பட்ட ரெடிமேட் அட்டையை வாங்கி, உள்ளே வாசகத்தை மட்டும் ஒற்றை வண்ணத்தில் அடித்துக்கொண்டால் அந்தச் செலவு மிச்சமாகும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கத்து ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகளும் தாள் கடைகளும் அடுத்தடுத்து இருப்பதால் நான்கு கடைகளில் விலை கேட்டு ஒப்பிடுவது எளிது. தென் மாவட்டத்தார் பலரும் சிவகாசிக்கே போய் அடிக்கிறார்கள். ஆனால் இருநூறு பத்திரிகைக்காகப் போக்குவரத்துச் செலவு செய்வதைவிட உள்ளூர் அச்சகமே மலிவாக முடியக்கூடும். புரூஃப் (அச்சுக்கு முன் பிழை திருத்தத் தரும் மாதிரிப் படி) பார்க்க நடந்தே போய்வரலாம் என்பது கூடுதல் வசதி. எங்கே கேட்டாலும், சொல்லும் விலையில் கவர், அச்சுக்கூலி, ஜிஎஸ்டி மூன்றும் அடங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். ஆவணித் திருமணத்துக்கு ஆடியில் ஆர்டர் கொடுத்தால் அச்சகத்தார் நிதானமாகச் செய்து தருவார்கள். தைத் திருமணத்துக்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். சிவகாசி அச்சகங்கள் அப்போது நாட்காட்டி வேலையில் மூழ்கியிருக்கும்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போது பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவப் போகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பளபளப்பான லாமினேஷன் போட்ட அட்டையில் மஞ்சள் ஒட்டாமல் வழியும். அடுக்கி வைத்தால் அடுத்த பத்திரிகையையும் கறையாக்கும். சற்றுச் சொரசொரப்பான தாள் விலையும் குறைவு, மஞ்சளையும் பிடித்துக்கொள்ளும். அடர்நிறக் கவரில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுத முடியாமல் பலர் திண்டாடுவதைப் பார்க்கலாம். வெளிர்நிறக் கவரை வாங்கினால் ஸ்டிக்கர் செலவும் இல்லை.

ஐம்பது, அறுபது பத்திரிகைகள்தான் தேவை என்றால் வீட்டிலேயே செய்வதும் இயலாத காரியமல்ல. நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரான், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏ4 தாளை இரண்டாகப் பிரித்து இரு பாதியிலும் ஒரே வாசகத்தை அமைத்து, வீட்டில் யாராவது வரைந்த கோலத்தை ஸ்கேன் செய்து கரையாகச் சேர்த்து, பிடிஎஃப் கோப்பாக மாற்றி, ஜெராக்ஸ் கடையில் மஞ்சள் நிறத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலான இங்க்ஜெட் மைகள் ஈர மஞ்சள் பட்டால் கரைந்து பரவும் என்பதால் லேசர் பிரிண்டையே கேட்டு வாங்க வேண்டும்.

எந்த முறையில் அடித்தாலும் புரூஃப் பார்ப்பதில் சிக்கனம் கூடாது. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை நடப்பதால், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் வாசகத்தை அவர்கள் மாற்றியாக வேண்டும் அல்லது மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ணகர னகரமும், லகர ளகரமும், ரகர றகரமும் இடம் மாறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா, தமிழ்த் தேதி ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பழைய பத்திரிகையை மாதிரியாகக் கொடுப்பவர்கள் வருடப் பெயரில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ வருடம், அதற்கு முந்தைய நாள் வரை விசுவாவசு. வாசகத்தை எழுதியவரின் கண்ணுக்குப் பிழை தெரியாது என்பதால், அதை முன்பு பார்த்திராத ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலப்படியோடு ஒப்பிட வேண்டும். தாளில் எடுத்த புரூஃபில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பிறகு பிழை யாருடையது என்ற தகராறும் எழாது.

மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடத்தை அச்சிடுவதற்குப் பதிலாகச் சிறிய க்யூஆர் குறியீட்டைச் சேர்க்கலாம். கூகுள் மேப்ஸ் இணைப்பை நேரடியாகக் குறியீடாக மாற்றுங்கள். சில நாட்களுக்கு மட்டும் இலவசம் என்று தரும் சேவைகளின் குறியீடு, திருமணத்தன்று வேலை செய்யாமல் போகக்கூடும். குறியீடு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெளிர்நிறப் பின்னணியில் கருப்பாக இருக்கட்டும். கைப்பேசியில் அனுப்பும் பத்திரிகையைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிச் சிறிய எழுத்துகளைக் கலங்கடித்துவிடும். பிடிஎஃப் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது.

தபாலில் போகும் பத்திரிகைகளுக்கு எடையும் ஒரு செலவு. இந்திய அஞ்சல் துறை சாதாரணக் கடிதக் கட்டணத்தை 20 கிராம் கணக்கில் வாங்குகிறது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கொண்ட ஏ4 அட்டை மட்டுமே ஏறத்தாழ 19 கிராம் இருக்கும். கவரைச் சேர்த்தால் அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிடும். அதே அளவு 130 ஜிஎஸ்எம் தாள் 8 கிராம்தான். ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரியைக் கவரோடு நிறுத்துப் பார்த்துவிட்டால் நூறு தபாலுக்கு மிஞ்சும் தொகை தெரிந்துவிடும்.

எல்லாரையும் கைப்பேசியிலேயே அழைத்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும் சில பிரதிகளையாவது அச்சிட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது அழைப்பிதழையும் ஆவணமாகக் கேட்பார்கள். ஆகவே மணமக்களின் பெயரும் முதலெழுத்தும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் உள்ளபடியே பத்திரிகையில் இருக்க வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரையும் சேர்க்க விரும்பினால் ‘என்கிற’ என்று போட்டு அடுத்து எழுதலாம். பத்திரிகைக் கட்டு வந்தவுடன் மஞ்சள் தடவாத நான்கைந்து பிரதிகளை இதற்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.