கையால் செய்த மைக் செட் பாக்ஸ்களுக்கு டிஎஸ்பி ட்யூனிங்: ஈக்யூவை முதலில் தொடாதீர்கள்

கடையில் வாங்கும் ஆக்டிவ் ஸ்பீக்கருக்கும் தச்சரிடம் சொல்லிச் செய்த பாக்ஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மரத்தில் இல்லை. ஆக்டிவ் ஸ்பீக்கருக்குள், அந்த ஒரு பாக்ஸுக்காகவே அளந்து எழுதிய அமைப்புகள் ஒரு சிப்பில் இருக்கின்றன. நம் பாக்ஸுக்கு அதை எழுதித் தர யாரும் இல்லை; நாமேதான் எழுத வேண்டும். டிஎஸ்பி (ஒலி சிக்னலை டிஜிட்டலாகப் பிரித்து, திருத்தி, ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பெட்டி) அதற்கான கருவி.

அதை வாங்கிய கையோடு பலரும் ஈக்யூ (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) பக்கத்தைத் திறந்து கோடுகளை ஏற்றி இறக்குகிறார்கள். அங்கே தொடங்கினால் வேலை முடியாது. இரண்டு டிரைவர்கள் (பாக்ஸுக்குள் ஒலியை உண்டாக்கும் ஸ்பீக்கர்கள்) ஒன்றின் ஒலியை ஒன்று அடித்துக்கொள்வதால் அளந்த கோட்டில் ஏற்படும் பள்ளத்தை எந்த ஈக்யூவாலும் நிரப்ப முடியாது. நீங்கள் 6 டெசிபல் ஏற்றினால் இரண்டுமே 6 டெசிபல் ஏறி, மறுபடியும் அடித்துக்கொள்ளும். அதனால் கிராஸோவர் (எந்த அதிர்வெண் எந்த டிரைவருக்கு என்று பிரிப்பது), போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் திசை), டிலே (ஒலியைத் தாமதப்படுத்துவது) ஆகியவற்றை முடித்த பிறகே ஈக்யூ. கடைசியில் லிமிட்டர் (குறித்த அளவுக்கு மேல் சிக்னல் போகாமல் தடுப்பது).

எடுத்துக்காட்டாக ஒரு பக்கத்து செட்டை வைத்துக்கொள்வோம்: போர்ட் (காற்றுத் துளை) உள்ள 18 அங்குல சப் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான பாக்ஸ்) ஒன்று, 15 அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிக்கான 1 அங்குல கம்ப்ரஷன் டிரைவர் பூட்டிய ஹார்னும் உள்ள டாப் (மேல் பாக்ஸ்) ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் சேனல்.

1. மேசைமேல் இருக்க வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு டிஎஸ்பியில் 3 அவுட்புட் வேண்டும். மினிடிஎஸ்பி 2x4 எச்டியில் 4 இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஸ்டீரியோவாக ஓட்ட நினைத்தால் 6 அவுட்புட் உள்ள டிபிஎக்ஸ் டிரைவ்ரேக் பிஏ2, பெஹ்ரிங்கர் டிசிஎக்ஸ்2496 போன்றவற்றைப் பாருங்கள்.

பாடகர் கையில் பிடிக்கும் மைக் அளவெடுக்க உதவாது. குரல் எடுப்பாகத் தெரிவதற்காகச் சில அதிர்வெண்களைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் தருவதுதான் அதன் வேலை. அளவெடுப்பதற்கென்றே உள்ள மைக் வேண்டும்; யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் தனக்குரிய திருத்தக் கோப்புடன் வருகிறது. கணினியில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள் போதும். இவற்றோடு ஒரு மல்ட்டிமீட்டர், டேப், 1.5 வோல்ட் பேட்டரி.

2. ஹார்னைக் காப்பாற்றுங்கள்

கம்ப்ரஷன் டிரைவரை ஆம்ப்ளிஃபையரோடு நேரடியாக இணைக்கும்போது ஒரு வயர் மாறிப்போய் சப்பின் சிக்னல் உள்ளே வந்தால் டயஃப்ரம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) சில நொடிகளில் போய்விடும். 8 ஓம் டிரைவருக்குத் தொடராக 47 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். சுமார் 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை அது தடுக்கத் தொடங்கும். ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தத்திலிருந்தும் காக்கும். ட்யூனிங் முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கட்டும்.

3. சப்புக்குக் கீழ் எல்லை

புதியவர்கள் அதிகமாகத் தவறவிடும் படி இது. போர்ட் உள்ள பாக்ஸ் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு ட்யூன் ஆகியிருக்கும். அந்த இடத்தில் ஒலியின் பெரும்பகுதியை போர்ட் தருகிறது. கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) மிகக் குறைவாகவே அசைகிறது. அதற்குக் கீழே போனால் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிப்பதில்லை. ஒலி பெரிதாக வராது, ஆனால் கோன் மட்டும் முன்னும் பின்னுமாகப் பாய்ந்து காயிலைக் கிழித்துக்கொள்ளும். பாதுகாப்பு இல்லாமல் ஓடும் சப்புகள் பல இப்படித்தான் சாகின்றன.

வரைபடம் இல்லாமலே அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கலாம். செல்பேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, சப்புக்குக் குறைந்த வால்யூமில் 60 ஹெர்ட்ஸ் கொடுங்கள். கோனைப் பார்த்தபடியே ஒவ்வொரு ஹெர்ட்ஸாகக் கீழே இறங்குங்கள். ஓரிடத்தில் கோன் ஏறக்குறைய நின்றுவிடும். போர்ட்டின் வாயில் கையை வைத்தால் காற்று நன்றாக அடிக்கும். அதுதான் ட்யூனிங் அதிர்வெண். 38 ஹெர்ட்ஸில் கோன் நிற்கிறது என்றால், 35 முதல் 38 ஹெர்ட்ஸுக்குள் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் இடைவெளிக்கு) 24 டெசிபல் சரிவுள்ள பட்டர்வொர்த் வகை ஹை பாஸ் ஃபில்டரை (கீழே உள்ள அதிர்வெண்களைத் தடுப்பது) போடுங்கள். "என் பாக்ஸ் 25 ஹெர்ட்ஸ் வரை போகும்" என்று தச்சர் சொல்லியிருந்தாலும் கோன் சொல்வதையே நம்புங்கள்.

4. கிராஸோவர்

சப்புக்கும் டாப்புக்கும் இடையே 100 ஹெர்ட்ஸ், லிங்க்விட்ஸ்-ரைலி 24 டெசிபல். இந்த வகையில் சந்திப்புப் புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும். இரண்டும் ஒத்திசைந்து சேர்ந்தால் கோடு மட்டமாகிவிடும். 15 அங்குல வூஃபருக்கும் ஹார்னுக்கும் இடையே 1.6 கிலோஹெர்ட்ஸில் தொடங்கலாம். டிரைவர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்தபட்ச கிராஸோவர் அதற்கு மேலே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் பேரம் வேண்டாம்.

கம்ப்ரஷன் டிரைவர் ஒரே வாட்டுக்கு வூஃபரைவிட மிக அதிகமாகக் கத்தும். அதனால் ஹார்ன் அவுட்புட்டை 10 டெசிபல் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். சரியான அளவு அடுத்த படியில் தெரியும்.

5. அளவெடுக்கும் இடம்

அறைக்குள் அளந்தால் அறையைத்தான் அளப்பீர்கள். திறந்த வெளிக்கு, சுவர்களிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள். மொட்டை மாடியைவிட வெறும் சிமென்ட் களம் நல்லது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டாமல் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, பாக்ஸிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி வையுங்கள். டாப்பை மைக்கைப் பார்த்துச் சற்றுக் குனிய வையுங்கள். மைக் தரையிலேயே இருப்பதால், தரையில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி கோட்டில் பொய்ப் பள்ளங்களை உண்டாக்காது.

காற்றில்லாத நேரம் நல்லது. அதற்காக நள்ளிரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. விடியற்காலைக்குப் பிந்தைய அமைதியான ஒரு மணி நேரம் போதும்.

முதலில் மூன்று அவுட்புட்களையும் தனித்தனியே, மற்ற இரண்டையும் மியூட் செய்து ஸ்வீப் (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை ஒலியை ஓட்டி அளப்பது) எடுங்கள். வூஃபரும் ஹார்னும் ஒரே மட்டத்துக்கு வரும்படி ஹார்னின் கெயினை (சிக்னலின் அளவை) மாற்றுங்கள்.

6. போலாரிட்டியும் டிலேயும்

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வூஃபரின் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் டிரைவர்கள் சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும். ஹார்னில் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

டிலேயின் கணக்கு எளிது. நம் வெயிலில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. அதாவது 1 மில்லிசெகண்டுக்கு 35 சென்டிமீட்டர். ஹார்னின் டயஃப்ரம் வூஃபரின் காயிலைவிட 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் ஹார்னின் ஒலி சுமார் 0.57 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். தாமதமாக வருவதை முன்னே இழுக்க முடியாது. முந்தி வருவதைத்தான் நிறுத்தி வைக்க முடியும். எனவே வூஃபருக்கு 0.57 மில்லிசெகண்ட் டிலே கொடுங்கள்.

டேப் தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. நுணுக்கத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. ஹார்னின் போலாரிட்டியை டிஎஸ்பியில் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஸ்வீப் எடுங்கள். 1.6 கிலோஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் தெரியும். டிலேயை 0.02 மில்லிசெகண்ட் அளவில் கூட்டிக் குறைத்து அந்தப் பள்ளத்தை எவ்வளவு ஆழமாக்க முடியுமோ அவ்வளவு ஆழமாக்குங்கள். பள்ளம் மிக ஆழமாக இருக்கும் இடத்தில்தான் இரண்டும் சரியாக எதிரெதிராக நிற்கின்றன. போலாரிட்டியைத் திருப்பிப் போட்டால் அதே இடத்தில் சரியாகச் சேர்ந்துவிடும்.

அடுத்து டாப்பையும் சப்பையும் 100 ஹெர்ட்ஸில் இதே முறையில் சேருங்கள். இப்போது வூஃபரும் ஹார்னும் ஒரு ஜோடி. டாப்புக்கு டிலே கூட்டினால் இரண்டுக்கும் ஒரே அளவு கூட்டுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மில்லிசெகண்ட். டேப் அளவிலிருந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் விலகினால், ஒரு முழுச் சுற்று தள்ளிப் பொய்யான பொருத்தத்தில் போய் நின்றுவிடுவீர்கள். பள்ளம் ஆழமாகத்தான் தெரியும், ஆனால் டிரம்மின் அடி சப்பிலிருந்து தனியாக, தளர்ந்து வரும்.

7. இப்போது ஈக்யூ

வரைபடத்தை 1/6 ஆக்டேவ் அளவுக்கு மென்மையாக்கிப் பாருங்கள். மைக்கை அரை மீட்டர் நகர்த்தி இன்னும் சில ஸ்வீப் எடுங்கள். எல்லா இடத்திலும் நிற்கும் மேடுகளைக் குறையுங்கள். மைக்கோடு சேர்ந்து இடம் மாறும் பள்ளங்கள் எதிரொலியின் வேலை, அவற்றை விட்டுவிடுங்கள்.

குறைப்பது இலவசம், கூட்டுவதற்கு விலை உண்டு. 3 டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு வாட், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் ஏற்றுபவர், 100 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த சப்பை 1,000 வாட் கேட்க வைக்கிறார். 3 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் பாக்ஸையோ டிரைவரையோ சந்தேகியுங்கள்.

கோட்டை முழுக்க மட்டமாக்கினால் மைதானத்தில் பாட்டு வறண்டு கேட்கும். சப்பின் மட்டத்தை மற்றதைவிட 6 முதல் 10 டெசிபல் மேலே வைப்பது வழக்கம். அதை ஈக்யூவில் செய்யாமல் சப் அவுட்புட்டின் கெயினில் செய்யுங்கள்.

8. லிமிட்டர்

வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். 500 வாட், 8 ஓம் சப்புக்கு 63 வோல்ட். 50 வாட், 8 ஓம் ஹார்னுக்கு 20 வோல்ட்தான். ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபையர் சேனலை இரண்டுக்கும் கொடுத்துவிட்டு லிமிட்டர் போடாதவர், 50 வாட் டிரைவருக்கு 500 வாட் அனுப்ப வழி செய்து வைத்திருக்கிறார். டிரைவரின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'பீக்' வாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்; இடைவிடாமல் தாங்கும் தொடர் வாட்டை மட்டும் எடுங்கள். ஆடி மாதக் கோயில் விழாவைப் போல நாள் முழுவதும் ஓடும் செட் என்றால் அதிலும் பாதி வாட்டுக்கு, அதாவது சப்புக்கு 45 வோல்ட்டுக்கு வையுங்கள்.

அளக்கும்போது ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் நாப் முழுவதும் திறந்திருக்கட்டும். டிஎஸ்பிக்கு 60 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சிக்னலை எவ்வளவு ஏற்றினாலும் நீங்கள் கணக்கிட்ட வோல்ட்டைத் தாண்டாத நிலை வரும்வரை த்ரெஷோல்டை (லிமிட்டர் தடுக்கத் தொடங்கும் அளவை) குறையுங்கள். அந்த முனைகளில் உள்ள மின்சாரம் உங்களையும் தாக்கும். கை படாமல் பாருங்கள். மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால்தான் 60 ஹெர்ட்ஸ். டாப்பின் இரண்டு சேனல்களையும் அளக்க அவற்றின் ஹை பாஸ் ஃபில்டரைத் தற்காலிகமாக நீக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் வயரை மீண்டும் மாட்டும் முன் ஃபில்டர் திரும்ப வந்துவிட்டதா என்று இரண்டு முறை பாருங்கள்.

அட்டாக் நேரம் (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம்) சப்புக்கு 40 மில்லிசெகண்ட் அளவிலும் ஹார்னுக்கு 1 மில்லிசெகண்ட் அளவிலும் இருக்கட்டும். ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) அதைப்போல 16 மடங்கு.

எல்லாவற்றையும் ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, கணினியிலும் ஒரு பிரதி வைத்து, டிஎஸ்பியில் பூட்டு வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையர் நாப் இருக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். நாளை வேறு ஆம்ப்ளிஃபையரை மாற்றினால், அதன் கெயின் வேறாக இருக்கும். லிமிட்டரை மறுபடி அளந்து வைக்காமல் செட்டை வெளியே அனுப்பாதீர்கள்.