விலை கேட்டால் ‘ஓகே’ சொல்லாதீர்கள்

ராமேஸ்வரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊர் காட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் ஆங்கிலம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் விட்ட அதே பிழைகள், அதே ‘ஓகே’யில். உச்சரிப்பு போகப்போகப் படியும்; அதை விட்டுவிடுகிறேன்.

காதில் விழுந்ததற்கெல்லாம் ‘ஓகே’

போனில் எதிராளி சொல்லச் சொல்ல நாம் ‘சரி, சரி’ என்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்; சம்மதம் அப்புறம்தான். அந்தச் ‘சரி’யைத்தான் ‘ஓகே’ ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் பேச்சுக்கு நடுவே அப்படி வரும். ஆனால் ஒருவர் விலை கேட்டு நிறுத்தியபின் சொல்லும் ‘ஓகே’ முழுச் சம்மதம்.

ஒரு தம்பதிக்கு அரிச்சல்முனை, 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயம், பாம்பன் பாலம் எல்லாம் காட்ட வண்டியோடு 4,000 ரூபாய் சொன்னேன். ‘2,500க்கு முடியுமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். ‘ஓகே’ என்று போட்டேன். பார்த்துவிட்டேன், காலையில் பேசிக்கொள்வோம் என்பது என் கணக்கு. காலையில் பேசவும் இல்லை. சாயங்காலம் அவர் 2,500ஐ எண்ணி நீட்டியதும் குரலை உயர்த்திவிட்டேன். அவர் போனைத் திறந்து என் ‘ஓகே’யைக் காட்டினார். டீசலுக்கும் டிரைவருக்கும் கைக்காசு போட்டேன். காசு போனால் போகிறது; பேச்சு மாறுகிறவன் என்று நினைத்துக்கொண்டு அவர் ரயிலேறியது இன்னும் உறுத்துகிறது. போன வாரம் மண்டபம் ஊரில் ஒரு தம்பி இதையே செய்தபோது கோபமே வந்துவிட்டது.

அந்தச் சொல் பிறந்ததே ஒப்புதலில்தான். ‘எல்லாம் சரி’ எனும் ‘ஆல் கரெக்ட்’டை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதி, அதன் முதலெழுத்துகளாக ‘ஓ.கே.’ என்று 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை அச்சிட்டது. மறு வருஷம் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள், அவர் ஊரான கிண்டர்ஹூக்கை வைத்து ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ (அதுவும் ஓ.கே.தான்) என்று கோஷமாக்க, சொல் நாடெங்கும் பரவியது. அவர் தோற்றார், சொல் நின்றது.

விலை ஒத்துவராவிட்டால் ‘ஸாரி, ஃபோர் தவுசண்ட்’ என்று அப்போதே எழுதுங்கள். யோசிக்க வேண்டுமென்றால் ‘லெட் மீ செக்’.

பாராட்டு என்று நினைப்பது

‘லஞ்ச் வாஸ் ஓகே’ என்றால் சாப்பாடு சுமார். மறுநாள் கடையை மாற்றுங்கள்.

தண்ணீருக்கடியில் கட்டைவிரல்

காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். ‘ஓகே, நன்றாக இருக்கிறேன்’ என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் காட்டினால், உடன் வந்தவர் மேலே கிளம்பிவிடுவார்.

கரையில் அந்த வட்டம்

பிரேசில்காரர்களிடம் வேண்டாம். அங்கே அது அசிங்கமான சைகை.