வேலூர் மழையைத் தேதி பிசகாமல் எடுப்பது எப்படி?

பெரியப்பாவுக்குக் கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லை. நிலக்கடலை போடுவார். செடியைப் பிடுங்கிக் காயப்போட்டால் மழை வந்துவிடும் என்று வீட்டில் அவரைக் கிண்டல் செய்வோம். போன வருஷம் அவரே கேட்டார்: எந்த வாரத்தில் மழை அதிகம், எந்த வாரத்தில் குறைவு என்று பத்து வருஷக் கணக்கு எடுத்துத் தர முடியுமா?

எடுத்துக் கொடுத்தேன். சென்ற வருஷத்துக் கணக்கைத் தன் நினைவோடு ஒத்துப் பார்த்தவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "இன்னாடா இது, மழ சனிக்கெழம பெஞ்சுது, இவன் ஞாயித்துக்கெழமன்னு போட்டுக்கிறான்?"

என் வீட்டு நோட்டிலும் சனிக்கிழமைதான் இருந்தது. வானிலைத் துறைதான் தப்பாகப் போட்டிருக்கிறது என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு என் பக்கம். அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

படி 1: வீட்டில் ஒரு மழைமானி

இது இல்லாமலும் தரவு எடுக்கலாம். ஆனால் சொந்தமாக அளந்த எண் ஒன்று கையில் இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் எண் எங்கே இடிக்கிறது என்று பிடிபடும்.

உட்புற விட்டம் 16 செ.மீ. உள்ள புனல் ஒன்று, ஐந்து லிட்டர் கேன் ஒன்று. புனல் வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. வரும். அதாவது 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர். கேனில் 680 மில்லி இருந்தால் 34 மி.மீ. மழை. அவ்வளவுதான் கணக்கு. ஐந்து லிட்டர் கேன் 250 மி.மீ. வரை தாங்கும், நம் ஊருக்குத் தாராளம்.

புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம். அங்கே காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அளவு குறையும். காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் நெருக்கத்தில் இந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. பின்பக்கத்து முருங்கையை வெட்டச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

படி 2: காலை 8.30

இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தி படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்திய வானிலைத் துறை ஒரு தேதிக்கு எதிரே போடும் மழை அளவு, அந்தத் தேதி காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஞாயிறு என்று போட்டிருந்தால், சனி காலை 8.30 முதல் ஞாயிறு காலை 8.30 வரை பெய்த மொத்தம். சனி சாயங்காலம் ஏழு மணிக்கு இடி இடித்துப் பெய்த மழை ஞாயிறு கணக்கில்தான் ஏறும். வேலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது பெரும்பாலும் சாயங்கால, முன்னிரவு இடிமழை. அதனால் அந்த நான்கு மாதமும் நம் நினைவும் துறையின் பட்டியலும் ஒரு நாள் தள்ளித்தான் நிற்கும்.

ஏன் 8.30? உலகமெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே நொடியில் அளவெடுக்க வேண்டும் என்பதற்காக உலகப் பொது நேரப்படி 0, 3, 6, 9 என்று மூன்று மணிக்கு ஒரு முறை நேரம் குறித்திருக்கிறார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அவர்களுடைய 3 மணிதான் நம்முடைய 8.30. அந்த நேரத்தில் வேலூர், திருப்பத்தூர் போன்ற ஆய்வகங்களில் ஊழியர் வெளியே வந்து மானியைப் பார்த்து, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மேகம் எல்லாவற்றையும் ஐந்தைந்து இலக்கங்களாகக் கட்டிய ஒரு சங்கேதச் செய்தியாக அனுப்புவார். அது சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குப் போகும். அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து உலக வானிலை அமைப்பின் தொலைத்தொடர்பு வலை. காட்பாடியில் நாம் இரண்டாவது காபி குடிக்கும்போது வேலூர் மழை வெளிநாட்டுக் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, அப்படியானால் எல்லாத் தேதியையும் ஒரு நாள் பின்னால் தள்ளிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தள்ளினேன். ஜூலை, ஆகஸ்ட் அழகாகப் பொருந்தியது, நவம்பர் நாசமாகிவிட்டது.

காரணம் இதுதான். சனி இரவு 11 மணிக்குப் பெய்தால் ஞாயிறு கணக்கு. ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குப் பெய்தாலும் ஞாயிறு கணக்குதான். முதலாவதில் தேதி மாறுகிறது, இரண்டாவதில் மாறவில்லை. வடகிழக்குப் பருவமழையில் தாழ்வு மண்டலம் கரை கடக்கும்போது விடியற்காலையில்கூட விடாமல் கொட்டும். அந்த நாட்களைத் தள்ளினால் சரியாக இருந்ததைக் கெடுத்தது போல.

2021 நவம்பர் 19 நல்ல உதாரணம். தாழ்வு மண்டலம் அன்று அதிகாலையில் கரையைக் கடந்தது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் அன்றுதான், பாலாற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனதும் அந்த வாரம்தான். 18ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது, 19 அதிகாலையில் பெய்தது எல்லாம் சேர்ந்து 19 என்ற ஒரே வரியில் இருக்கும். 8.30க்குப் பிறகு பெய்தது 20ஆம் தேதியில்.

எனவே துறையின் தேதியைத் தொடாதீர்கள். உங்கள் நோட்டை மாற்றுங்கள். தினமும் காலை 8.30க்குக் கேனை அளந்து, அளந்த தேதியிலேயே எழுதுங்கள். பக்கத்தில் "நேற்று இரவு 7-8, இடியுடன்" என்று ஒரு குறிப்பு. எட்டு மாதமாக இப்படிச் செய்கிறேன், ஒரு சண்டையும் இல்லை.

படி 3: சென்னை மையத்தின் தினசரிப் பட்டியல்

மண்டல மையத்தின் இணையதளத்தில் தினமும் ஊர்வாரியாக மழை வரும். விரிஞ்சிபுரம், மேலாலத்தூர், குடியாத்தம், ஆலங்காயம் என்று நம் பக்கத்து ஊர்களும் இருக்கும். இங்கே அளவு செ.மீட்டரில், முழு எண்ணாக. "7" என்றால் 70 மி.மீ. அருகில் ஏதோ ஒன்று. என் நோட்டில் 66, பட்டியலில் 7 என்றால் இரண்டும் ஒன்றுதான். இதை வைத்துத் தசமக் கணக்கு போடாதீர்கள்.

செய்தியில் சொல்லும் வார்த்தைகளுக்கும் எல்லை உண்டு. 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை. டீக்கடையில் "நேத்து கனமழ" என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2.5 மி.மீட்டராவது பெய்தால்தான் அது மழை நாள் என்றே கணக்கு.

நாளிதழில் வரும் மாவட்ட நிர்வாகப் பட்டியல் வேறு. அது எத்தனை மணியோடு முடிகிறது என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். 8.30 இல்லையென்றால் இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள்.

படி 4: தானியங்கி நிலையங்கள்

விரிஞ்சிபுரத்தில் இருப்பது தானியங்கி நிலையம். ஆள் வேண்டாம், கருவியே அளந்து அனுப்பிவிடும். துறையின் தளத்தில் பார்க்கலாம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மழை அளவு காலை 8.30 முதல் ஏறிக்கொண்டே வரும், மறுநாள் 8.30க்குப் பூஜ்யமாகிவிடும். ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "ராத்திரி அவ்வளவு பெய்தது, பூஜ்யம் காட்டுகிறதே" என்று கோபப்படாதீர்கள்.

மொபைல் ஆப்களில் வரும் மழை அளவை நான் எடுப்பதே இல்லை. அதில் பெரும்பாலானது யாரும் அளந்ததல்ல, கணினி மதிப்பிட்டது.

படி 5: பழைய வருஷங்களுக்குப் புனே

பத்து வருஷம், ஐம்பது வருஷம் வேண்டுமென்றால் புனே போக வேண்டும், அதாவது அதன் இணையதளத்துக்கு. வானிலைத் துறையின் தேசியத் தரவு மையம் அங்கேதான் இருக்கிறது. தெற்காசியாவுக்கான மண்டலப் பருவநிலை மையமாக உலக வானிலை அமைப்பு அங்கீகரித்திருப்பதும் புனே அலுவலகத்தைத்தான். ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் அளவு வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும். கட்டத் தரவு இலவசம், நம் வேலைக்கு அது போதும்.

நாடு முழுவதையும் கால் டிகிரி இடைவெளியில் புள்ளிகளாகப் பிரித்து, சுற்றியுள்ள மானிகளின் அளவை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் தினசரி மழையைக் கணித்து வைத்திருக்கிறார்கள். 1901 முதல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு கோப்பு. நேரடியாகத் திறந்தால் குப்பைக் குறிகள்தான் தெரியும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஐஎம்டிலிப் (imdlib) என்று ஒரு நிரல்தொகுப்பு உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை, வருஷம் கொடுத்தால் அட்டவணையாகத் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பாகக் கொடுத்துவிடும். பைத்தான் நிறுவுவது பற்றி ஆயிரம் பதிவு இருக்கிறது, நான் எழுதப் போவதில்லை.

வேலூருக்கு ஒரு வேடிக்கை. நம் தீர்க்கரேகை 79.13. கட்டப் புள்ளிகள் 79.00இலும் 79.25இலும். ஏறக்குறைய நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அட்சரேகைக்கு 13.00 எடுத்துக்கொள்ளுங்கள். தீர்க்கரேகையில் இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். கே.வி.குப்பம்காரர்களுக்கு 79.00தான் பக்கம்.

எடுத்ததும் 2021ஆம் வருஷத்தில் 323ஆவது நாளைப் பாருங்கள். அதுதான் நவம்பர் 19. அங்கே பெரிய எண் இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் நழுவியிருக்கிறது.

மைனஸ் 999 என்று கண்டால் பயப்படாதீர்கள், தரவு இல்லை என்று அர்த்தம். அதை நீக்காமல் கூட்டினால் வேலூரில் மழை தரையிலிருந்து மேலே போனதாகக் கணக்கு வரும். எனக்கு வந்தது.

சும்மா ஒரு ஆசைக்கு 1903 நவம்பரையும் திறந்து பார்த்தேன், வாணியம்பாடியைப் பாலாறு அடித்துக்கொண்டு போன மாதம். வாணியம்பாடிப் புள்ளியை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். ஆறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது, கோலார் பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 6: அட்டவணை

எக்செல் வேண்டாம், லிப்ரே ஆபீஸ் கால்க் எடுங்கள். சிஎஸ்வியைத் திறக்கும்போதே தேதிப் பத்தியில் நாளா, மாதமா எது முதலில் என்று நாமே குறித்துவிடலாம். எக்செல் கேட்காமலே நவம்பர் 5 ஆன 05-11ஐ மே 11 ஆக்கிவிட்டது. மே மாதக் கத்திரி வெயிலில் 80 மி.மீ. மழையைக் கண்டு நான் ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு சேர்த்தது: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, தன் மானி எப்போதும் ஊர் அளவில் சரிபாதிதான் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். மானி வாய் 100 சதுர செ.மீ., கூட வாங்கிய அளவு ஜாடி 200 சதுர செ.மீ. மானிக்கானது. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதாம். வாங்கும்போது ஜாடியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று: சென்னைப் பட்டியலில் ஆம்பூர் பழைய வருஷங்களில் வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று ஒருவர் குழம்பியிருந்தார். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் வந்தது. 1989க்கு முந்தைய தாள்களில் எல்லாமே வட ஆற்காடு. ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள், மாவட்டத்தை வைத்து வேண்டாம்.

தேதியெல்லாம் சரிசெய்து, வாரவாரியாக அச்செடுத்து, கட்டப் புள்ளிகளின் படத்தோடு பெரியப்பாவிடம் மறுபடி கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டப் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 27 கிலோமீட்டர் இருக்கும் என்று விளக்கினேன்.

"இதுல நம்ம கொல்ல எங்க கீது?"

அடுத்த வாரம் அவருக்கும் ஒரு புனலும் கேனும் வாங்கிக் கொடுத்தேன். நோட்டு வேண்டாம் என்றுவிட்டார். தினசரி காலண்டர் தாளிலேயே மில்லி கணக்கில் எழுதி வைக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கே முந்தைய நாள் தாளைக் கிழித்துவிடுவதால், நான் சொல்லிக் கொடுக்காமலே அவர் தேதி சரியாக விழுகிறது.