ஃபிராங்க்பர்ட்டிலிருந்து லண்டன்: சீட்டில் உள்ள நேரமும் வழியில் போகும் நேரமும்

ஃபிராங்க்பர்ட்டில் வேலை கிடைத்து வந்திறங்கும் நம்மவர்கள் பலருக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஓர் அக்காவோ ஹாரோவில் ஒரு சித்தப்பாவோ இருப்பார்கள். முதல் நீண்ட விடுமுறைக்கே அழைப்பு வந்துவிடும். ஜெர்மனியின் வசிப்பு அட்டை பிரிட்டனுக்குள் நுழையச் செல்லாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பிரிட்டனின் பார்வையாளர் விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். விசாவுக்கு அலைந்து பழகியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வான்வழியில் இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர். சீட்டுக் கணக்கில் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதும் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம் 12.40-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். போகும்போது கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் திரும்பும்போது பறிபோகும் என்பதை இரவு விமானத்தில் வருபவர்கள் மறக்கக்கூடாது.

உண்மையான கண்ணி விமான நிலையத்தின் பெயரில் இருக்கிறது. சீட்டில் சென்னை என்றிருந்தால் மீனம்பாக்கத்தில் இறங்குவோம் என்று நம்பியே வளர்ந்தவர்கள் நாம். இங்கே 'ஃபிராங்க்பர்ட்-ஹான்' என்றொரு நிலையம் உண்டு. 1993 வரை அமெரிக்க வான்படைத் தளமாக இருந்த அது, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில், ஃபிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. பயணிகள் ரயில் கிடையாது. சென்னைக்குச் சீட்டு எடுத்தவரை வேலூர்ப் பக்கம் இறக்கிவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்பதைப் போன்றது இது. பேருந்தில் ஏறினால் ஒன்றேமுக்கால் மணி நேரம், அதாவது லண்டனிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிடக் கூடுதல். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த என் நண்பரும் அவர் மனைவியும் விலை மலிவென்று இந்தச் சீட்டை வாங்கி, தாமதமான விமானத்தில் நள்ளிரவை ஒட்டி இறங்கியபோது பேருந்து போய்விட்டிருந்தது. டாக்சிக்காரர் கேட்ட தொகை இருவரின் சீட்டு விலையையும் தாண்டியதால், அக்கா ஃபாயிலில் சுற்றிக் கொடுத்திருந்த பொடி தடவிய இட்லிகளை அந்தக் கூடத்து இரும்பு நாற்காலியிலேயே சாப்பிட்டுவிட்டு, விடிவதற்குமுன் கிளம்பும் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். இரவில் கைபேசியில் என்னை அழைத்தும், என்னிடம் கார் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீட்டு விற்கும் தளங்கள் இந்தத் தொலைவைப் பொடி எழுத்தில்கூடச் சொல்லாமல் விடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆகவே ஊர்ப் பெயரைப் பார்க்காமல் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். நகரை ஒட்டிய பெரிய விமான நிலையம் எஃப்.ஆர்.ஏ.; அங்கிருந்து எஸ்-பான் என்னும் புறநகர் ரயில் கால் மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். ஹானுக்கு எச்.எச்.என். லண்டன் பக்கமும் இதே கதைதான்: ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் நகருக்கு வெகு வெளியே இருப்பதால் லண்டனுக்குள் உள்ள லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் வரவே ரயிலில் சுமார் 50 நிமிடம் பிடிக்கும்.

ஹான், ஸ்டான்ஸ்டெட் இரண்டும் சேர்ந்த சீட்டைவிட ரயிலையே நான் பரிந்துரைப்பேன். பிரஸ்ஸல்ஸ் வரை ஐ.சி.இ. என்னும் ஜெர்மன் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து கடலடிச் சுரங்கம் வழியே போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இறங்குவது லண்டனின் நடுவே உள்ள செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தில். பிரிட்டனின் கடவுச்சீட்டுச் சோதனை பிரஸ்ஸல்ஸிலேயே நடப்பதால், இரண்டு ரயில்களுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யுங்கள்.