வேர்டில் தமிழ் எழுத்து உடைகிறதா? ஆபீஸை அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா பென்டிரைவோடு வந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகை, டிடிபி கடையில் அடித்து வாங்கிய வேர்ட் கோப்பு. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவிந்து கிடந்தன. ஃபான்ட் கெட்டுவிட்டது, ஆபீஸை அழித்துவிட்டு மறுபடி போடணும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கோப்பில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை.

அதனால் எதையும் அழிப்பதற்கு முன், திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால்

இது பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் சேமிக்கப்படுவதும் அந்த ஐந்து குறிகள்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது ஃபான்ட். அது உங்கள் கணினியில் இல்லையென்றால் போர்வை விலகிவிடுகிறது, அவ்வளவுதான்.

வேர்டின் ஃபான்ட் பெட்டியில் 'பாமினி' என்று பெயர் தெரியலாம். அதை நம்பாதீர்கள், ஃபான்ட் கணினியில் இல்லாவிட்டாலும் வேர்ட் அந்தப் பெயரைக் காட்டும். கடையில் கேட்டு ஃபான்டை வாங்கி நிறுவுங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் கொடுத்து யூனிகோடாக, அதாவது தமிழ் எழுத்து தமிழாகவே சேமிக்கப்படும் பொது முறைக்கு, மாற்றிக்கொள்ளலாம். தமிழ்ப் பத்திகளை மட்டும் கொடுங்கள். நடுவில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் புரியாத தமிழாகிவிடும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால்

எழுத்து யூனிகோடுதான், தேர்ந்தெடுத்த ஃபான்டில் தமிழ் இல்லை. கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி, 'நிர்மலா யுஐ' என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. மாறவில்லையா? கன்ட்ரோலும் டி-யும் அழுத்துங்கள். 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பெட்டி இருந்தால், தமிழுக்கான ஃபான்டை அங்கே மாற்ற வேண்டும். லிப்ரே ஆபீஸில் இதையே 'சிடிஎல்' என்பார்கள். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஃபான்ட் நிஜமாகவே கெட்டிருந்தால்

ஒரே ஒரு ஃபான்டைத் தொட்டதும் வேர்ட் நின்றுபோகிறது, மற்றவை ஒழுங்காக இருக்கின்றன என்றால் சந்தேகப்படலாம்.

1. விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் அந்த ஃபான்டை இரட்டைச் சொடுக்கில் திறங்கள். மாதிரி எழுத்து வராமல் பிழைச்செய்தி வந்தால் சந்தேகம் உறுதி.
2. எல்லா ஆபீஸ் நிரல்களையும் மூடிவிட்டு அதை நீக்குங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், கணினியை மறுதொடக்கம் செய்து உடனே நீக்குங்கள்.
3. புதிதாக இறக்கிய கோப்பை வலச்சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவைக் கொடுங்கள்.

அப்புறமும் தொல்லை தொடர்ந்தால் ஃபான்ட் கேஷைப் பாருங்கள். விண்டோஸ் ஃபான்ட் விவரங்களைச் சேர்த்து வைக்கும் இடம் அது. தேடலில் 'சர்வீசஸ்' திறந்து, 'விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்' என்பதை நிறுத்துங்கள். பிறகு விண்டோஸ், சர்வீஸ்ப்ரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல், ஃபான்ட்கேஷ் என்று வரிசையாக உள்ளே போய், அங்குள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள். மறுதொடக்கம் செய்தால் விண்டோஸே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஃபான்ட்ஸ் கோப்புறையை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், இரண்டும் வேறு.

அக்காவின் பத்திரிகையை யூனிகோடாக மாற்றி, மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக அவரையே படிக்கச் சொல்லிச் சரிபார்த்தோம். அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆக அனுப்பியாயிற்று. ஃபான்ட் அதற்குள்ளேயே போய்விடும் என்பதால் அங்கே உடையாது.